கதிரை தூக்கின பிள்ளைகளின் ஆட்டம்

தங்கரத்தினம் ரீச்சருக்குச் சங்கீதம் தெரியாது. நடனமும் படித்ததில்லை. இதை நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை, அவரே திருகோணமலை முழுக்கச் சொல்லித் திரிந்தார். ஆனாலும் எண்பத்தொன்றில் ஓய்வு பெறும்வரை எங்கள் பள்ளிப் பிள்ளைகளை ஆட வைத்தவர் அவர்தான். அதுவும் ஆங்கிலப் பொப் பாட்டுக்கு!

நான் ஸுல்பிகா. அதே பள்ளியில் தையல் படிப்பித்தேன். பெற்றார் ஆசிரியர் சங்கத்தின் செயலாளர் வேலையையும், எழுத்து வடிவாக இருக்கிறது என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டார்கள்.

ரீச்சருடைய தம்பி குணரத்தினம் கப்பலில் வேலை செய்தவர். லீவில் வரும்போதெல்லாம் அக்காவுக்குப் புது இசைத்தட்டுகள் கொண்டுவருவார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்குச் செய்துகொண்டிருக்கும்போது ரீச்சர் ஒன்றும் சொல்லாமல் ஒரு தட்டைப் போட்டுவிடுவார். பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க மாட்டார். குனிந்து, மேசைகளுக்குக் கீழே குதிக்கால்களைப் பார்ப்பார். பாதிக் குதிக்காலாவது எழும்பினால்தான் அந்தப் பாட்டு தேறும். மெதுவாக இழுக்கும் பாட்டு என்றால், "இது கலியாணம் கட்டினவை இருந்து அழுகிற பாட்டு" என்று உறைக்குள் போட்டுவிடுவார். மூன்று நிமிடத்தைத் தாண்டினாலும் வேண்டாம். ஏழு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு மூச்சு இல்லையாம்.

இதெல்லாம் தொடங்கியது எழுபத்துநாலாம் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில். அதற்கு முன் விழா மேடையில் ஆடியவர்கள் நாலைந்து பேர்தான். நடன மாஸ்டரிடம் படித்து, சலங்கையும் ஒட்டியாணமும் வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களின் பிள்ளைகளும் கடலுக்குப் போகிறவர்களின் பிள்ளைகளும் வந்தவர்கள் உட்கார வகுப்புகளிலிருந்து கதிரை தூக்கி வந்து மண்டபத்தில் அடுக்குவார்கள். விழா முடிந்ததும் திரும்பத் தூக்கிப் போவார்கள். வருடா வருடம் அதே பிள்ளைகள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை, வெட்கக்கேடு.

மூன்றாம் வகுப்பு ஜெமீலாதான் கேட்டாள். "ரீச்சர், கதிரை தூக்கிற நாங்கள் எப்ப ஆடுறது?"

"இந்த வருஷம்" என்றார் ரீச்சர்.

முப்பத்தொரு பிள்ளைகளைச் சேர்த்து, குதிக்கால் பார்த்துத் தேறிய ஒரு ஆங்கிலப் பாட்டுக்கு ஆடப் பழக்கினார். உடுப்பு பள்ளிச் சீருடைதான். என் தையல் அறையில் மிஞ்சிய சிவப்புத் துணியை வெட்டி ஆளுக்கொரு ரிபன். ஒரு கிழமைக்குள் அந்தப் பாட்டுச் சத்தம் பெற்றார் ஆசிரியர் சங்கத் தலைவர் சிவகுருநாதன் ஐயாவின் காதுக்குப் போய்விட்டது. இங்கிலீசுக் காதல் பாட்டெல்லாம் பிள்ளைகளைக் கெடுக்கும் என்றார். அவர் அரசாங்கக் கந்தோரில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ரீச்சரின் பாட்டை மட்டும் தடுத்தால் நாலு பேர் கதைப்பார்கள் என்று, நியாயவான் போல ஒரு சட்டம் போட்டார். "ஆட்டத்துக்கு வாற எல்லாப் பாட்டுக்கும் தமிழில அர்த்தம் எழுதித் தரவேணும். கமிட்டி பாத்துத்தான் முடிவெடுக்கும்."

எல்லாப் பாட்டுக்கும் என்றாரே, ரீச்சர் அதைப் பிடித்துக்கொண்டார். அந்த வருடம் ஆட்டங்கள் இரண்டுதான். இரண்டுக்கும் அவரே அர்த்தம் எழுதினார். பாட்டு ஒன்று, பாட்டு இரண்டு என்று மட்டும் தலைப்பு. நான் அழகாகப் பிரதி பண்ணிக் கொடுத்தேன். எது எது என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

கூட்டத்தில் வாசித்தேன். முதலாவது: "வெயில் வந்துவிட்டது. சப்பாத்தைக் கழற்று. எல்லாரும் தெருவுக்கு வாருங்கள், கை தட்டுங்கள்." இரண்டாவது: "தோழி, நிலவு சுடுகிறது. நித்திரை வரவில்லை. மெலிந்துபோன கையிலிருந்து வளையல் கழன்று விழுகிறது. என் காதலன் ஏன் இன்னும் வரவில்லை?"

ஐயா மேசையில் அடித்தார். "ரெண்டாவதை வெட்டுங்கோ! பால்பல்லு விழாத பிள்ளையள் காதலனுக்கு ஏங்கி ஆடுறதோ? இதைத்தான் நான் அப்பவே சொன்னனான். முதலாவது நல்ல பாட்டு, அது இருக்கட்டும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். நான் தீர்மானத்தை எழுதினேன். ஐயா கையெழுத்து வைத்தார். பேனை மூடியை அவர் பூட்டும்வரை ரீச்சர் பொறுத்திருந்தார்.

"ஐயா, முதலாவது என்ர இங்கிலீசுப் பாட்டு. ரெண்டாவது உங்கட பேத்தி பரதத்தில ஆடப்போற தெலுங்குப் பதம்."

ஐயாவின் முகம் கறுத்துவிட்டது. "அது பக்தி. அது வேற."

"சாமியை நினைச்சு எண்டா ஒன்பது வயசுப் பிள்ளை நித்திரையில்லாமல் ஏங்கலாம். என்ர பிள்ளையள் வெயிலில கை தட்டக் கூடாது. அப்பிடியோ?"

அவர் ரீச்சரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஸுல்பிகா ரீச்சர், அந்தத் தாளைக் கிழியுங்கோ."

நான் தாளை மடித்துக் கோப்புக்குள் வைத்தேன். அதுவரை எந்தக் கூட்டத்திலும் யாரையும் எதிர்த்து ஒரு சொல் சொல்லாதவள் நான். "ஏலாது ஐயா. நீங்கள் கையெழுத்து வச்சிட்டியள்." அந்த ஏலாதுவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

ரீச்சர்தான் முடித்துவைத்தார். "பேத்தி பாவம், ஆறு மாசமாப் பழகினவ. அவவும் ஆடட்டும். என்ர முப்பத்தொரு பேரும் ஆடட்டும்." அதையும் எழுதி நீட்டினேன், ஐயா கையெழுத்து வைத்தார்.

விழா அன்று பின்னேரம் மூன்று மணிக்கு மண்டபம் வெறுமையாகக் கிடந்தது. ஐயா பட்டுச் சால்வையோடு வந்து சுற்றிப் பார்த்தார். "எங்க கதிரையள்? பிள்ளையளைக் கூப்பிடுங்கோ."

ரீச்சர் மேடைத் திரைக்கு முன்னால், ரிபன் குத்தும் ஊசிகளோடு நின்றார். "அவையளுக்கு இண்டைக்கு ஆட்டம் இருக்கு, ஐயா. வேர்க்க விடேலாது."

"அப்ப ஆர் தூக்கிறது?"

"கதிரையில இருக்கப் போறவை."

பிரதம விருந்தினர் வர அரை மணி நேரம்தான் இருந்தது. ஐயா சால்வையைக் கழற்றி என் கையில் தந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூன்றாம் வகுப்புப் பக்கம் நடந்தார். கமிட்டிக்காரரும் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள்.

திரை இடுக்கால் ஜெமீலா எட்டிப் பார்த்தாள். "ரீச்சர், ஐயா பிழையாத் தூக்கிறார். முழங்காலில இடிக்கப்போகுது. நான் போய்ச் சொல்லிக் குடுக்கட்டோ?"

"வேண்டாம்" என்றார் ரீச்சர், அவளுடைய ரிபனை இறுக்கிக்கொண்டு. "பழகட்டும்."