கார்டு நம்பர் கேட்ட லிங்க்

போன ஞாயிறு, திண்டிவனத்தில் பஸ் மாறி ஒலக்கூர் பக்கம் தங்கை வீட்டுக்குப் போனேன். வாசலில் ஒரு பெண். நாலு வருஷம் முன்னால் அந்த ஊர்த் தண்ணீரை ஆராய்ச்சி செய்ய வந்த மேடம்!

“லிங்க் அனுப்பினேனே அண்ணா... பாக்கலியா? போன் பண்ணாலும் போகவே இல்ல.”

சுருக்கென்றது. மூணு வருஷம் முன்னால், தங்கையிடம் சாதா போன் என்பதால், தன் ஆராய்ச்சிக் கட்டுரையின் லிங்க்கை எனக்குத்தான் அனுப்பியிருந்தார். அப்போதே தொட்டேன். கட்டுரை வரவில்லை — கார்டு நம்பர் கேட்டது! நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? மோசடி என்று மேடத்தின் நம்பரை பிளாக் செய்தேன். ‘எந்த லிங்க்கையும் தொடாதே, தெருவுக்கே சொல்’ என்று தங்கையிடமும் சொல்லி வைத்தேன்.

“அது வெளிநாட்டுக் கம்பெனி பத்திரிகைண்ணா. எங்க யுனிவர்சிட்டி உள்ள சும்மாவே திறக்கும். வெளிய காசு கேக்கும்னு எனக்குத் தோணவே இல்ல.” அதற்குள் வேலை கிடைத்து வடக்கே போய்விட்டாராம்.

இப்போது அவருடைய பல்கலைக்கழகமே தன் பதிப்பகத்தில் அந்த ஆராய்ச்சியைப் புத்தகமாகப் போட்டிருக்கிறது. யாரும் போனில் இலவசமாகப் படிக்கலாம். எட்டாவது படித்த என் போன்றவர்களுக்காகத் தமிழிலும் நாலு பக்கம். திறந்தேன். கார்டு கேட்கவில்லை... பெயர்கூடக் கேட்கவில்லை.

மாரியம்மன் கோயில் கைபம்பு. ஃபுளோரைடு மிக அதிகம். குடிக்க உதவாது. தொடர்ந்து குடித்தால் எலும்பு இறுகும்.

தங்கையின் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். இரண்டு வருஷமாகக் கழுத்தும் முதுகும் பலகை மாதிரி. மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பிடுங்கக் குனிய முடியாது.

“டெஸ்ட்டுக்கு நான்தானேம்மா பாட்டில்ல புடிச்சிக் குடுத்தேன்? ஆத்தா தண்ணி, கல்கண்டு மாதிரி இருக்கும்னு பெருமை வேற அடிச்சிக்கினேன்!” என்று சிரித்தார்.

தங்கை சிரிக்கவில்லை. “ஊருக்கே உசாரு சொல்ற ஆளாச்சே எங்கண்ணன்!” மேடத்திடம் திரும்பினாள். “இனிமே குடிக்கலன்னா சரியாப்பூடுமா?”

“மேல கெடாம பாத்துக்கலாம்கா. போனது திரும்பறது கஷ்டம்.”

பல்கலைக்கழகப் பதிப்பகம் என்றால் பேராசிரியர்களுக்குப் புத்தகம் போடும் இடம் என்று நினைத்திருந்தேன். நம் பம்பில் எடுத்துப்போன உண்மை நம்மிடமே திரும்பி வரும் வழி அது என்று யாருக்குத் தெரியும்? திருடனும் கார்டு நம்பர் கேட்கிறான், படிப்பும் கார்டு நம்பர் கேட்கிறது — நாங்கள் எதை நம்புவது?

சாயங்காலம் கோயிலுக்குப் போனோம். தங்கையின் கணவரால் விழுந்து கும்பிட முடியவில்லை. அவருக்கும் சேர்த்து நான் விழுந்தேன். ஆத்தாவிடம் என்ன கேட்பதென்று தெரியவில்லை.

வெளியே கைபம்பில் குடங்கள் வரிசையில் இருந்தன. போனை எடுத்து அந்தப் பக்கத்தை உரக்கப் படித்தேன். குடத்தோடு நின்ற ஒரு பெண் கேட்டாள்:

“லிங்க்கு எதையும் தொடாதீங்கன்னு ஒங்க தங்கச்சிதான சொல்லிச்சி... இது ஃப்ராடு இல்லியேண்ணா?”