இருபத்து மூன்று பாட்டில் தண்ணீர்

எங்கள் பல்கலைக்கழகத்துக்கு வளாகங்கள் பல. சென்னையில் இருப்பது முதன்மை வளாகம். மற்றதெல்லாம் வெளி வளாகம். நான் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தது வேப்பம்பட்டைத் தாண்டி உள்ள ஒரு வெளி வளாகத்தில். அந்த ‘வெளி’யைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். செருப்பு விடுகிற இடத்தைச் சொல்வதுபோல் சொல்வார்கள்.

என் வீடு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் உள்ள காலனியில் இருக்கிறது. வீடும் வளாகமும் ஒரே மாவட்டம்தான். ஆனாலும் ரயிலில் போவதென்றால் சென்னைக்குப் போய், வண்டி மாறி, மறுபடி வெளியே வர வேண்டும். எங்கள் கோப்புகளும் அப்படித்தான். மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு ஒரு கடிதம் இறங்க வேண்டுமானாலும் அது சென்னைக்குப் போய் முத்திரை வாங்கிக்கொண்டுதான் வரும். தண்ணீரைச் சோதிக்கும் கருவியும் அங்கேதான். நாங்கள் மூன்று வாரம் முன்னால் எழுதிக் கேட்டு, அடையாள அட்டையை வாசலில் காட்டி, பாட்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

தொழிற்பேட்டையைச் சுற்றி நிலத்தடி நீர் எப்படி இருக்கிறது என்று ஓர் ஆய்வு வந்தது. தலைவர் முதன்மை வளாகத்துப் பேராசிரியர். “உங்க ஊராச்சேம்மா, ஜனங்க ஒத்துழைப்பாங்க” என்று எங்கள் காலனியை என்னிடம் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாக வரும். அதில் சோறு வடித்தால் சோறும் மஞ்சள். பாத்திரம் கழுவ, துணி துவைக்க மட்டும் அது. குடிக்கவும் சமைக்கவும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஊராட்சி லாரி வரும். கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போயிற்று என்று பல்கலைக்கழகமே எழுதிக் கொடுத்துவிட்டால், லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடுகிற பிழைப்பு போய், வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிடும் என்று நம்பினேன்.

அதிகாலையில் யாரும் புழங்குவதற்கு முன் எடுத்த தண்ணீர்தான் வேண்டும் என்பது விதி. வளாகத்து ஜீப்பை மாலைக்குள் திருப்பிவிட வேண்டும் என்பது இன்னொரு விதி. அதனால் ஒருநாள் மதியமே இருபத்து மூன்று வீடுகளுக்கும் புது பாட்டில்களைக் கொடுத்தேன். செய்முறைத் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அதை நான் இரண்டே வரியில் சொன்னேன்: “காலைல எழுந்ததும் மொத தண்ணி புடிச்சி வைங்க. காலேஜ்லருந்து வந்து எடுத்துக்குவோம்.” அன்றைக்கே ஜீப்போடு வளாக விடுதிக்குத் திரும்பிவிட்டேன். மறுநாள் வந்து பாட்டில்களை வாங்கிக்கொண்டு, ஜீப்பில் உட்கார்ந்தபடியே இருபத்து மூன்று படிவங்களிலும் ‘ஆழ்துளைக் கிணறு’ என்று எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டேன். கை வலித்தது நினைவிருக்கிறது. வேறு எதையும் நான் யோசித்ததாக நினைவில்லை.

சோதனை முடிவு வந்தது. எல்லாத் தண்ணீரும் நல்ல தண்ணீர். அதுவும் வீட்டுக்கு வீடு வித்தியாசமே இல்லாமல். ஒரு கிணறு ஆழம், ஒரு கிணறு மேலோட்டம். எப்படி எல்லாம் ஒன்றுபோல் இருக்கும்? மனசுக்குள் முள் குத்தியது. முதன்மை வளாகத்தில் கூட்டம் போட்டார்கள். பேராசிரியர் என் வேலையின் ஒழுங்கைப் பாராட்டினார். வெளி வளாகத்துப் பெண்ணை முதல்முறையாக அந்த மேசையில் உட்கார வைத்திருந்தார்கள். நான் முள்ளை விழுங்கிவிட்டுச் சமோசா தின்றேன். அந்தச் சமோசாவை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

நிலத்தடி நீர் குடிக்கத் தகுந்தது என்று, என் படிவங்களோடு ஊராட்சிக்கு அறிக்கை போயிற்று. அடுத்த மாதமே ஊராட்சி லாரியை நிறுத்தியது. நல்ல தண்ணீர் காலடியில் இருக்கும்போது லாரி எதற்கு என்றார்களாம்.

அம்மா போனில் கத்தினாள். “இன்னாடி எழுதிக் குடுத்தீங்க? நாலு நாளா லாரி வர்ல. அந்த மஞ்ச தண்ணிய நல்ல தண்ணின்னு சொல்றானுங்க. கேட்டா, உன் பொண்ணே கையெழுத்து போட்டிருக்குதுன்றான்!”

அன்றைக்கே சென்னைக்குப் போய் வண்டி மாறி ஊருக்குப் போனேன். வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டேன்: “பாட்டில்ல இன்னா தண்ணிம்மா ஊத்துன?”

“லாரித் தண்ணிதான். பின்ன? காலேஜ்லருந்து வந்து கேக்குறாங்க, புது பாட்டிலு வேற. பாத்ரூம் கழுவுற தண்ணியவா ஊத்திக் குடுப்பாங்க? கொடத்துலருந்து மொத தண்ணிய எடுத்து, துணில வடிகட்டி ஊத்துனேன். பக்கத்து ஊட்டுக்காரி இன்னா ஊத்தணும்னு கேட்டா. அவளுக்கும் நான்தான் சொன்னேன். தெருவுக்கே நான்தான் சொன்னேன்.”

சொல்லும்போது அவள் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மகள் மானத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமை. நாங்கள் சோதித்தது ஒரே லாரியின் தண்ணீரை, இருபத்து மூன்று முறை. அந்தத் தண்ணீர் நன்றாக இருந்ததால்தான் அந்த லாரியையே நிறுத்தினார்கள்.

மறுநாள் பேராசிரியர் அறையில் போய் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். மறுபடி தண்ணீர் எடுக்க வேண்டும், அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன்.

“அறிக்கை போயாச்சேம்மா. இப்ப மாத்தினா யூனிவர்சிட்டி பேர் என்ன ஆகறது?” என்றார். பிறகு, “உங்க அம்மாவும் இதுல இருக்காங்களா? அத ஏன் முன்னாடியே சொல்லல?” என்றார். என் ஊர் என்பதால்தானே எனக்குக் கொடுத்தார்! கடைசியில், “வெளி வளாகத்துல ஃபீல்டு டிரெயினிங்கே சரியில்ல” என்று அலுத்துக்கொண்டு ஒரு படிவத்தை இருபத்து மூன்று பிரதி அச்செடுத்துத் தந்தார். இருபத்து மூன்று பேரும் ஆளுக்கொன்றில் கையெழுத்துப் போட்டுத் தந்தால் யோசிக்கலாமாம்.

அதுவும் ஆங்கிலம்தான். இந்த முறை நான் வார்த்தை விடாமல் தமிழில் படித்துக் காட்டினேன். ‘தவறான மாதிரியைத் தந்து ஆய்வைத் திசைதிருப்பியதை ஒப்புக்கொள்கிறேன்.’

அம்மா என்னையே பார்த்தாள். “நான் இன்னா திசை திருப்புனேன்? ஊட்டுக்கு வந்து கேட்டவங்களுக்கு நல்ல தண்ணி குடுத்தது தப்பா? கெட்டதுதான் வேணும்னு சொல்லியிருந்தா ரெண்டு கொடம் குடுத்திருப்பேனே! படிச்ச உனக்கு அத சொல்ல வாய் வர்லியா?”

எனக்கும் கோபம் வந்தது. “கையெழுத்து போட்டாதான் லாரி வரும்மா” என்று கத்தினேன். லாரி வருமென்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. யோசிக்கலாம் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

அவள் பேனாவை வாங்கினாள். எட்டாவது வரை படித்தவள். படிவத்தைக் கவிழ்த்துப்போட்டு, வெற்றுப் பக்கத்தில் அழுத்தி அழுத்தி எழுதினாள்: ‘எங்க ஊட்டு போர் தண்ணிய நாங்க குடிக்கறதில்ல. அதனால வந்தவங்களுக்கும் குடுக்கல.’ கீழே கையெழுத்துப் போட்டாள். மற்ற இருபத்திரண்டு பேரும் அதையே எழுதினார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு அம்மா எழுதிக் கொடுத்தாள்.

எங்கள் வளாக அலுவலகத்தில் கொடுத்தேன். கண்காணிப்பாளர் புரட்டிப் பார்த்தார். “பின்பக்கம் எழுதினது செல்லாதும்மா. இத இங்கிலீஷ்ல மாத்தி, முறைப்படி சென்னை வழியா அனுப்புங்க. உங்க ஆய்வேடு வேற அங்க நிலுவைல இருக்கு, பாத்துக்குங்க” என்றார். மிரட்டல் இல்லை. அக்கறையாகத்தான் சொன்னார். அந்த அக்கறைதான் எனக்குத் தாங்கவில்லை. தாள்களை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

திங்கட்கிழமை, மனு வாங்கும் நாள். சென்னை வழியாகப் போகவில்லை. அம்மாவும் ஆறு பெண்களும் நானும் பெரியபாளையம் வழியாகப் பேருந்தில் திருவள்ளூர் கலெக்டர் அலுவலகம் போனோம். ஒரு பெண் மஞ்சள் தண்ணீரைப் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் பிடித்துக் கொண்டுவந்திருந்தாள். வழியெல்லாம் அதை மடியில் வைத்திருந்தாள்.

மனு வாங்கிய அதிகாரி முதல் தாளின் பின்பக்கத்தைப் படித்தார். அடுத்த தாளையும் படித்தார். மூன்றாவதுக்கு மேல் படிக்கவில்லை. மறு ஆய்வு முடியும்வரை லாரியை விடச் சொல்லி ஓரத்தில் எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு பேனாவை மூடாமலே நிமிர்ந்து அம்மாவைப் பார்த்துக் கேட்டார்:

“தண்ணி எடுக்க வந்தவங்க, இத குடிக்கறீங்களா இல்லியான்னு உங்கள கேக்கவே இல்லியாம்மா?”

அம்மாவும் மற்ற ஆறு பேரும் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்கள். எனக்காகத்தான் அப்படிப் பார்த்தார்கள்.

“கேக்கல சார்” என்றேன். “நான்தான் கேக்கல.”