இரண்டாவது வாய் டீ

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்களில், றக்வான கடைவீதிக்கு மேலே இருக்கும் ஒரு வீட்டில் வயதானவர் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனேன். அதற்கு முன் இரத்தினபுரியில் ஆறு மாதம் முதியோர் பராமரிப்புப் படிப்பு படித்து, சான்றிதழ் வாங்கி, இரண்டு வீடுகளில் வேலையும் பார்த்திருந்தேன். இந்தத் தொழிலில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்ற நினைப்பு அப்போது எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அந்த வீட்டில் ஐயாவும் அவருடைய மகளும் மட்டும்தான். மகள் டீச்சர். காலையில் நான் வந்ததும் ஸ்கூலுக்குக் கிளம்புவார், மூன்று மணிக்குத் திரும்புவார். ஐயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் புரியும், பதில்தான் வராது.

முதல் நாள் அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் தேயிலை தயாரிப்பைப் பார்த்துக்கொண்ட பழைய டீமேக்கர் அவர். தேயிலை பெக்டரி முழுக்க அவர் சொல்வதுதான் சட்டம். கொழுந்து பறிக்கிற எங்கள் ஆட்கள் பெக்டரி வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை. வெளியே மடுவம் என்கிற கொட்டகையில் கொழுந்தை எடை போட்டுக் கொடுப்பதோடு சரி. ஆனாலும் பெக்டரியிலிருந்து வரும் தேயிலை வாசம் நாங்கள் குடியிருந்த லயம் வரைக்கும் வரும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்த வாசத்தை இழுத்துக்கொண்டே மேடு ஏறுவோம். இப்போதும் எங்காவது அந்த வாசம் அடித்தால் பசிக்கிற மாதிரி இருக்கும் எனக்கு.

அந்த மடுவத்தில்தான், எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, ஐயா ஒரு நாள் என் அம்மாவின் சாக்குக்குள் கையை விட்டார். ஒரு பிடி எடுத்துப் பார்த்தார். "இது கொழுந்தா, மாட்டுத் தீனியா?" என்று கேட்டுவிட்டு எல்லோர் முன்னாலும் கீழே உதறினார். அம்மா குனிந்து ஒவ்வொரு இலையாகப் பொறுக்கினார். நானும் உட்கார்ந்து பொறுக்கினேன். அம்மா போய்ச் சேர்ந்து பல வருடமாகிவிட்டது, ஆனால் அது மட்டும் என் மனதை விட்டுப் போகவே இல்லை.

அவரைத்தான் இப்போது நான் குளிப்பாட்டி, தலை சீவி, ஊட்டிவிட வேண்டும். சரி, தொழில் என்று வந்துவிட்டால் பழசைப் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டேனே தவிர, மனசு கேட்கவில்லை.

டீச்சர் காலையில் அவசரத்தில் ஐயாவுக்கு மால்ட் பால்தான் கலக்கிக் கொடுப்பாராம். தேயிலையோடு வாழ்ந்த மனுஷன், டீ கொடுத்தால் சந்தோஷப்படுவார் என்று நான்தான் பிளேன்டீ போட்டேன். தலையணையைத் தூக்கி வைத்து நிமிர்த்தி உட்காரவைத்து, கப்பை உதட்டில் பிடித்தேன். சர்ரென்று உறிஞ்சினார். வாய்க்குள் இப்படியும் அப்படியும் உருட்டினார். பிறகு இடது பக்கம் திரும்பி, பக்கத்தில் இருந்த பேசினில் துப்பினார். என்னைப் பார்த்து இடது கையைத் தூக்கினார்.

கொண்டு போ என்கிறார் என்று புரிந்துகொண்டேன். லயத்துப் பொம்பளை போட்ட டீ தொண்டையில் இறங்கவில்லை போல. உள்ளே சுருக்கென்றது. கப்பையும் எடுத்தேன், கூடவே வைத்திருந்த கஞ்சியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாளும் அதேதான். முதல் வாயைத் துப்புவார், கையைத் தூக்குவார், நான் எடுத்துக்கொண்டு போவேன். பிறகு கஞ்சியைக் கொண்டுபோனால் உதட்டை இறுக்கி மூடிக்கொள்வார். மத்தியானம் நான்கு கரண்டிச் சோறு போனால் பெரிது.

எங்கள் வேலையில் தினமும் ஒரு கொப்பியில் எழுதிவைக்க வேண்டும். என்ன சாப்பிட்டார், எவ்வளவு குடித்தார், வெளிக்குப் போனாரா, எல்லாம். அதில் நான் எழுதினேன்: 'எதைக் கொடுத்தாலும் துப்புகிறார்.' ஒரு நாள் இல்லை, தொடர்ந்து மூன்று வாரம் எழுதினேன். கஞ்சியை அவர் ஒரு நாளும் துப்பவில்லை என்பது எனக்குத் தெரியும். கோபத்தில் எழுதுகிறவளுக்குக் கை நின்றா எழுதும்?

ஐயா மெலிந்துகொண்டே போனார். டீச்சர் கொப்பியை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினார். விழுங்க முடியவில்லை போலிருக்கிறது, திங்கட்கிழமை கூட்டி வாருங்கள், பார்த்துவிட்டு மூக்கு வழியாகக் குழாய் போடலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். டீச்சர் வந்து அதைச் சொல்லும்போது ஐயா கட்டிலிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

சனிக்கிழமை டீச்சர் சந்தைக்குப் போயிருந்த நேரம், ஐயாவைப் பார்க்க ஒரு சிங்கள முதியவர் வந்தார். பெக்டரியில் டிரையர் மெஷின் பக்கம் முப்பது வருடம் ஐயாவிடம் வேலை செய்தவராம். ஆஸ்பத்திரிக்குப் போகப் போகிறார் என்று கேள்விப்பட்டு, மழையில் நனைந்துகொண்டே வந்திருந்தார். இரண்டு பேருக்கும் டீ போட்டேன். ஐயாவுக்கு ஒரு வாய் கொடுத்தேன். வழக்கம் போல உறிஞ்சினார், உருட்டினார், துப்பினார், கையைத் தூக்கினார்.

நான் கப்போடு எழுந்தேன். வந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தங்கச்சி என்பதற்கு நங்கி, ஐயா என்பதற்கு மாத்தயா என்று சிங்களம் கலந்துதான் பேசினார்.

"எங்க, நங்கி, கொண்டு போறது? மாத்தயா கேக்குறாருதானே."

"இல்லீங்க, வேணாங்குறாரு. தெனமும் இப்படித்தான் துப்புவாரு. முழுங்க முடியல. அதுக்குத்தான் கொழா போடப் போறாங்க."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

"அனே, நங்கி. இது நோய் இல்ல. மாத்தயா ரஹ பாக்குறாரு. டீ ருசி பாக்குறது இப்படித்தான். பெக்டரில ஒரு நாளைக்கு அம்பது அறுபது கப் பாப்பாரு. எல்லாத்தையும் முழுங்கினா மனுசன் இருப்பானா? மொத வாய் துப்புறதுக்கு. ரெண்டாவது வாய்தான் குடிக்கிறதுக்கு."

என் கையிலிருந்த கப்பை வாங்கி, தூக்கியிருந்த ஐயாவின் இடது கையில் கொடுத்து, அடியில் தன் கையையும் வைத்துப் பிடித்துக்கொண்டார். ஐயா குடித்தார். மெதுவாக, வாய் வாயாக, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் கப் முழுவதையும் குடித்து முடித்தார். அதன் பிறகு நான் கஞ்சியைக் கொண்டுவந்தேன். அதையும் கிண்ணம் காலியாகும் வரை சாப்பிட்டார்.

மூன்று வாரமாக அந்த மனுஷன் தினமும் கையை நீட்டி டீ கேட்டிருக்கிறார். நான் தினமும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

வந்தவர் போன பிறகு கொப்பியைத் திறந்தேன். 'இன்று நன்றாகக் குடித்தார், சாப்பிட்டார்' என்று எழுதிவிட்டால் போதும். ஏதோ சுகம் கிடைத்துவிட்டது என்று டீச்சர் சந்தோஷப்படுவார். யாருக்கும் ஒன்றும் தெரியவராது. அப்படியே எழுதவும் செய்தேன். மேலே மூன்று வாரத்து எழுத்தும் வரிசையாக இருந்தது. எல்லாம் என் கையெழுத்து. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

டீச்சர் சந்தைப் பையோடு உள்ளே வந்ததும், பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். டீயை மட்டும்தான் துப்பினார், கோபத்தில் எல்லாவற்றையும் துப்புகிறார் என்று எழுதிவிட்டேன் என்றும் சொன்னேன். மடுவத்தில் நடந்ததையும் மறைக்கவில்லை.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். கத்துவார் என்று நினைத்தேன்.

"டீய மட்டும்னு எழுதியிருந்தா எனக்கே வெளங்கியிருக்கும்ங்க. அம்மா இருந்த காலத்துல அப்பா சிங்க்ல ஒரு வாய் துப்பிட்டுத்தான் டீயே குடிப்பாரு," என்றார். பிறகு, "அந்தக் கொப்பியப் பாத்து, தொண்டையில அடைச்சிருமோன்னு பயந்து, சாயங்காலம் ரெண்டு கரண்டியோட நிப்பாட்டிருவேன். அப்பா வாயத் தொறந்துகிட்டே இருப்பாரு," என்றார்.



திங்கட்கிழமை மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் கரண்டியால் தண்ணீர் கொடுத்து, தொண்டையில் விரலை வைத்து, விழுங்குவதைப் பல தடவை பார்த்தார். குழாய் தேவையில்லை என்றார். திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கும்போது டீச்சர், "நாளைக்கு வந்துருங்க," என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு ஒன்றரை வருடம், ஐயா கண்ணை மூடும் வரை அந்த வீட்டில் வேலை செய்தேன். காலையில் முதல் வாயைத் துப்பிவிட்டு என்னைப் பார்ப்பார். சில நாள் முகத்தைச் சுளிப்பார், அன்று தண்ணீர் சரியாகக் கொதித்திருக்காது. சில நாள் புருவத்தைத் தூக்குவார், அன்று எனக்கு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருக்கும். ஒரு நாள், "எங்கம்மா பறிச்ச கொழுந்தக் கீழ ஒதறினீங்களே, ஞாபகம் இருக்குங்களா?" என்று கேட்டேவிட்டேன். என்னை வெகுநேரம் பார்த்தார். ஞாபகம் வந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் உதறியது உதறியதுதான். அதற்காக மூன்று வாரம் ஒரு மனுஷனைப் பட்டினி போட எனக்கு உரிமை இல்லை என்பதும் உண்மைதான்.

இப்போது தெரணியகலைப் பக்கம் வேறொரு வீட்டில் இருக்கிறேன். இங்கே ஒரு அம்மா, கொடுப்பதையெல்லாம் தள்ளிவிடுகிறவர். கோபம் வராமல் இல்லை, நான் அப்படி ஒன்றும் மாறிவிடவில்லை. ஆனால் கண்ணால் கண்டதை மட்டும்தான் கொப்பியில் எழுதுகிறேன், முதல் வாயைத் துப்பினால் கப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு இரண்டாவது வாய்க்காகக் காத்திருக்கிறேன்.