ஒஷீனுக்கு வைத்த ஒப்பாரி

நம்பினால் நம்புங்கள். நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. நான் பேய்க்குப் பயந்தவன் அல்ல. பேய் வேஷம் போட்டு மேடையேறிப் பிழைப்பவன். முகத்தில் நீலச் சாயம், பின்னால் புகை, காதைக் கிழிக்கும் கிதார்... அதற்கு நடுவே துருத்தியைக் கையிடுக்கில் வைத்து அழுத்திக்கொண்டு எங்கள் ஊர்ப் பழைய பைப் வாசிக்கும் கஹல் நான்தான். இது எனக்கு நடந்தது. அயர்லாந்தில், மேயோ மலைப்பக்கம், ஒரு டிசம்பர் மாதச் செவ்வாய்க்கிழமை.

எங்கள் மெட்டல் இசைக்குழுவின் புது ஆல்பம் ஒப்பாரியில் தொடங்க வேண்டும் என்று பாடகி கிரான்யா ஒற்றைக்காலில் நின்றாள். அந்தக் காலத்தில் எங்கள் சாவு வீடுகளில் பெண்கள் தலைமாட்டில் நின்று, செத்தவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அழுத அதே ஒப்பாரி. ஸ்டுடியோவில் அது சரிப்படவில்லை. ஆளில்லாத பண்ணை வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதன் சமையலறையில் மைக்குகளைத் தொங்கவிட்டோம். கிதார்காரனுக்குக் காய்ச்சல். மிச்சம் மூன்று பேர்: நான், கிரான்யா, டிரம்ஸ் அடிக்கும் ஒஷீன்.

கிரான்யாவுக்கு அழுகை வரவே இல்லை.

"வெறும் மேஜையப் பாத்து எப்படிடா அழறது? ரொட்டிக்கு மாவு பிசையற மாதிரி இருக்கு."

"அவ்வளவுதானே?" ஒஷீன் பூட்ஸோடு மேஜைமேல் ஏறி மல்லாந்து படுத்தான். "இந்தா, செத்துட்டேன். என் பேரச் சொல்லியே அழு. உயிரோட இருக்கறப்ப ஒரு நல்ல வார்த்த சொன்னதில்ல, இப்பவாவது சொல்லு."

"எறங்குடா. வெளயாட்டுக்குக்கூட வேணாம்" என்றேன். உடலைக் கழுவிக் கிடத்தும்வரை ஒப்பாரி தொடங்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். உயிரோடிருப்பவன் பெயரைச் சொல்லி அழக் கூடாது என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. அப்படியும் ஒருத்தன் படுப்பான் என்று அந்தக் காலத்துப் பெரியவர்களுக்குத் தோன்றியிருக்காது.

"வந்துட்டாருப்பா பாதிரியாரு" என்று ஒஷீன் கண்ணை மூடிக்கொண்டான்.

மணி நாலு பத்து. வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது.

நான் பைப்பில் சுருதி பிடித்தேன். கிரான்யா தொடங்கினாள். "ஒஷீனே... என் ஒஷீனே..." எனக்கே உடம்பு சிலிர்த்தது. முடித்ததும் ஒஷீன் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "பிரமாதம். இன்னொரு வாட்டி அழு" என்றான். சிரித்தோம்.

அப்போதுதான் குளிர் உறைத்தது. மேஜைக்குப் பக்கத்துச் சன்னல் விரியத் திறந்திருந்தது. மைக்கில் காற்றுச் சத்தம் விழக் கூடாதென்று நான்தான் அதற்குக் கொக்கி போட்டிருந்தேன். மறுபடி சாத்தினேன்.

இரண்டாம் முறை பாடி முடித்தபோது அறை ரொம்ப அமைதியாக இருந்தது. காலையிலிருந்து டக் டக்கென்று பதிவைக் கெடுத்துக்கொண்டிருந்த சுவர்க் கடிகாரம் நின்றிருந்தது.

"யாரு நிறுத்தினது?" என்றாள் கிரான்யா.

"நான் இல்ல" என்றேன்.

"நான் செத்துப்போயாச்சு, என்னக் கேக்காதீங்க" என்றான் ஒஷீன்.

என் போனில் மணி நாலு நாற்பது. கடிகாரத்தின் முள் நாலு பத்தில் நின்றது.

உயிர் வெளியேற சன்னலைத் திறப்பார்கள். உயிர் போன நேரத்தில் கடிகாரத்தை நிறுத்துவார்கள். அடுத்ததாக முகம் பார்க்கும் கண்ணாடியை மூடுவார்கள். எங்கள் சாவு வீடுகளில் அதுதான் வழக்கம். கண்ணாடி என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. திரும்பப் பிடிக்கவில்லை. திரும்பினேன்.

கண்ணாடிமேல் ஒஷீனின் கோட்டு போர்த்தியிருந்தது.

"கிரான்யா, போதும். பாடாத."

அவள் பாடவில்லை. வாய் இறுக மூடியிருந்தது. கண் விரிந்திருந்தது.

ஆனால் ஒப்பாரி கேட்டது...

பக்கத்து அறையிலிருந்து. ஒரு குரல் அல்ல. மூன்று, நான்கு கிழக் குரல்கள். அவசரமில்லாமல், பழகிய வேலையைச் செய்வதுபோல...

"ஒஷீனே..."

"எந்திரிடா!" என்று கத்தினேன்.

எழுந்து உட்கார்ந்தான். காலை இறக்க முடியவில்லை.

"கஹல்... என் காலு..."

இரண்டு பூட்ஸின் கயிறுகளும் சேர்த்து முடிச்சுப் போடப்பட்டிருந்தன. பிணத்துக்குக் கட்டுவதுபோல.

முடிச்சு அவிழவில்லை. பைப்பின் சீவாளி செதுக்கும் கத்தி என் பையில் இருந்தது. அறுத்தேன்.

பக்கத்து அறைக் கதவின் தாழ்... டக்.

ஓடினோம்.

வேனில் ஏறிக் கிளப்பினேன். மலையிறங்கி சிக்னல் கிடைத்தபோது மணி ஐந்தரை. உடனே ஒஷீனின் போன் அடித்தது. அவன் அம்மா. "சொல்லும்மா" என்றான். மறுமுனையில், "ராசா... நீயாடா பேசற?" என்று ஒரு கதறல். ஓட்டிக்கொண்டிருந்த எனக்கே கேட்டது.

அவன் வீட்டு வாசலில் தெரு நெடுகக் கார்கள். உள்ளே அக்கம்பக்கத்தார், துக்க வீட்டுக்குக் கொண்டுவரும் சாண்ட்விச் தட்டுகளோடு. ஒஷீனைப் பார்த்ததும் ஒருத்தி தட்டைக் கீழே போட்டாள்.

எங்கள் உள்ளூர் வானொலியில் ஐந்து மணிச் செய்தி முடிந்ததும் மரண அறிவிப்புகள் வாசிப்பார்கள். ஊரே வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கும். அன்று ஒஷீனின் பெயரை வாசித்தார்களாம். அப்பா பெயர், தெரு, எந்தத் தேவாலயம், எத்தனை மணிக்கு அடக்கம், எல்லாம் சரியாக. மறுநாள் வானொலி நிலையத்துக்கே போனோம். அந்த நிகழ்ச்சியின் பதிவை முழுக்கப் போட்டுக் காட்டினார்கள். ஒஷீன் பெயர் அதில் இல்லை.

நாங்கள் அந்த ஒப்பாரிப் பதிவை அழித்தோம். அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஓடிவிட்டது. ஒஷீன் எப்போதும்போல டிரம்ஸ் அடிக்கிறான், குடிக்கிறான், என்னைக் கிண்டலடிக்கிறான். எல்லாம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

போன வாரம் அவன் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அன்று வானொலியில் கேட்ட ஒரு விஷயத்தை மட்டும் அவர் மகனிடம் சொல்லவில்லையாம். வாசித்தவர் தவறாகச் சொல்லிவிட்டார் என்று அப்போது விட்டுவிட்டாராம். ஒஷீனின் வயது முப்பத்தொன்று என்று வாசித்தார்கள்.

அன்று அவனுக்கு இருபத்தெட்டு.

எனக்குப் பயமாக இருக்கிறது. வருகிற மார்ச்சில் அவனுக்கு முப்பத்தொன்று ஆகிறது.