இன்னும் வராத நாட்களுக்கும் என் கையெழுத்து

நம் முதியோர் எழுத்து வகுப்பு நண்பர்கள் படிப்பதற்காக இதைப் பலகையில் ஒட்டுகிறேன்.

இன்று காலை மார்க்கெட் பக்கத்துச் சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கே டாக்டருக்கு முன்னால் நர்ஸம்மாவைப் பார்க்க வேண்டும். கன்னடக்கார அம்மா, தாத்தாக்களையெல்லாம் 'அஜ்ஜா' என்பார். அந்த அம்மாமேல் எனக்கு எப்போதும் சந்தேகம். டாக்டர் கேட்காததையெல்லாம் இவர் ஏன் கேட்கிறார்?

பிரஷர் பார்த்தார். "ஏறியிருக்கு அஜ்ஜா. தினமும் மாத்திரை சாப்பிடறீங்கதானே?"

"அட்டையைப் பாரும்மா" என்று பெருமையாக நீட்டினேன். நாளுக்கு ஒரு கட்டம். மாத்திரை சாப்பிட்டதும் அதில் டிக் போடச் சொல்லியிருந்தார். நான் என் பெயரையே எழுதியிருந்தேன்.

விரல் வைத்துக்கொண்டே போனார். "இன்னிக்குத் தேதி பதினாலு. முப்பது வரைக்கும் எழுதியிருக்கே! நாளைக்கு மாத்திரையும் சாப்பிட்டாச்சா அஜ்ஜா?"

எழுதக் கற்றுக்கொண்ட சந்தோஷத்தில் நேற்று ஒரே மூச்சில் நிரப்பிவிட்டேன். அதை எப்படிச் சொல்வது?

"நிஜத்தைச் சொல்லுங்க. இதை நம்பி டாக்டர் பலமான மாத்திரை எழுதிட்டா, ரோட்டுல மயங்கி விழுவீங்க."

"தலை சுத்தற அன்னைக்கு மட்டும்தாம்மா சாப்பிடுவேன்" என்று ஒப்புக்கொண்டேன்.

அவர் போய் டாக்டரிடம் சொன்னார். மாத்திரை மாறவில்லை, புது அட்டைதான் வந்தது. அங்கேயே ஒரு மாத்திரையை விழுங்கச் சொன்னார். விழுங்கினேன். "வாயைத் திறங்க" என்று உள்ளேயும் எட்டிப் பார்த்தார்!

உங்கள் அட்டைகளில் எத்தனை நாள் நிஜம்? பயப்படாமல் இதன் கீழே எழுதுங்கள். அந்த அம்மாவுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராதாம். அதிலும் எனக்குச் சந்தேகம்தான்.