குசினிக்கு வந்த சட்டைகள்

ஸல்ஹா கொடுத்து வைத்தவள் என்று திருகோணமலையில் பலர் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எண்பத்தோராம் ஆண்டு கண் மங்கி ஊசியைக் கீழே வைக்கும்வரை அவள் வீட்டு முன்மண்டபத்து வேலை மேசையில் உட்கார்ந்திருந்ததை ஊரே பார்த்தது. அந்த மேசைக்கு அவள் எப்படித் திரும்பி வந்தாள் என்பதைப் பாதிப் பேர் மறந்துவிட்டார்கள். மீதிப் பேர் தங்களுக்குத் தோதாக ஞாபகம் வைத்துக்கொண்டார்கள்.

துறைமுகத்துக்குப் போகும் தெருவில் இருந்தது அந்த வீடு. அங்கே யாரும் சட்டை தைப்பதில்லை. தையற்காரர்கள் மெஷினில் ஓட்டி அனுப்பியதைப் போடக்கூடிய சட்டையாக்குவதுதான் அவர்கள் தொழில். பொத்தான் துளை வெட்டி, மெழுகு தடவிய நூலால் அதன் ஓரத்தைக் கட்டி, பொத்தான் வைத்து, கீழ்க்கரை மடித்துத் தைத்து, தொங்கும் நூலை நறுக்கி, சிரட்டைக்கரி போட்ட பெட்டியால் ஸ்திரிக்கை பிடித்து மடித்துக் கொடுப்பார்கள். வெள்ளைக்காரக் கடற்படை இருந்த காலத்தில் அதிகாரிகளின் வெள்ளைச் சட்டைகள் அந்த வீட்டில் மலையாகக் கிடந்தன. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். அதனால் தொழிலும் தாயிடமிருந்து மகளுக்கே போனது. ஸல்ஹாவின் உம்மா பரீதா அதை வாங்கிய மூன்றாவது பெண்.

நாலாவது ஸல்ஹாவாகத்தான் இருந்திருக்க வேண்டும். பதினைந்து வயதிலேயே அவள் போட்ட துளையைத் தடவிப் பார்த்த டெய்லர் இக்னேசியஸ், இனி என் சட்டையெல்லாம் இந்தப் பிள்ளையின் கையால்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். பத்தொன்பது வயதில் தோப்பூரிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை நெல் வியாபாரி, குறை சொல்ல முடியாத ஆள். ஆனால் தன் பெண்சாதி ஊரான் சட்டைக்குப் பொத்தான் வைக்கக் கூடாது என்றார். அப்படியென்றால் வேண்டாம் என்று ஸல்ஹா உம்மா மூலம் சொல்லி அனுப்பினாள். பெண் பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது என்று ஊர் முடிவு கட்டியது. அதற்குப் பிறகு அந்த வாசலுக்கு அவளைக் கேட்டு ஒருவரும் வரவில்லை.

கடற்படை கப்பலேறிப் போன அடுத்த வருடம் தங்கை அசனாவைக் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை சரீப் கிண்ணியாக்காரர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். வீட்டை அசனா பேருக்கு எழுத வேண்டும் என்று கேட்டார்கள். மூத்தவள் இருக்க இளையவளுக்கு எழுதுவதா என்று பரீதா மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தார். கடைசியில் ஸல்ஹாவே போய்ச் சொன்னாள்.

"எழுதிக் குடுங்க உம்மா. மேசையில மட்டும் என்னை இருக்க விடச் சொல்லுங்க. அது போதும்."

சரீப் சம்மதித்தார். பொய்யாகச் சம்மதிக்கவில்லை, அவர் நல்ல மனிதர்தான். ஆனால் முன்மண்டபத்தைத் தாண்டித்தான் புதுத் தம்பதியின் அறைக்குப் போக வேண்டும். புது மாப்பிள்ளை வேலை விட்டு வரும் வழியில் கலியாணமாகாத குமர் ஒருத்தி நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கலாமா என்று தெரு கேட்கத் தொடங்கியது. தெருவுக்கு வேறு என்ன வேலை? அந்தக் கதை சரீபின் காதுக்குப் போகுமுன்னே ஸல்ஹா ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் குசினிக்குப் போய்விட்டாள். மேசை அசனாவுக்கு ஆனது. ஸல்ஹா அடுப்புக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டு, மனதுக்குள் அந்த மேசைக்காக அழுதாள்.

அசனாவின் வேலை வாய்க்கவில்லை. துளையை வெட்டினால் வெட்டு நேராகத்தான் இருக்கும், ஆனால் நூல் கட்டும்போது இங்கே நெருக்கம், அங்கே இடைவெளி என்று கோணல்மாணலாகப் போகும். இழுத்தால் ஒரே இழுப்பில் கையோடு வந்துவிடும். மத்தியானத்தில் அவள் சட்டைகளை அள்ளிக்கொண்டு குசினிக்கு வருவாள். ஸல்ஹா எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்டுவாள். இக்னேசியஸ் அரைக்கதவுக்கு வெளியே நின்று வேலையை வாங்கும்போது, கை தப்பவில்லை என்று பாராட்டுவார். பாராட்டு அசனாவுக்கு. அது குசினி வரைக்கும் கேட்கும்.

நாலு வருடம் இப்படியே போனது. முதலில் பொறுமையாகச் சொல்லிப் பார்த்த ஸல்ஹா போகப்போக ஏசத் தொடங்கினாள். எரிச்சல் தொழிலுக்காக மட்டுமல்ல. தான் ஆசைப்பட்ட இடத்தில் ஒருத்தி சொகுசாக உட்கார்ந்து இப்படிக் கெடுக்கிறாளே என்ற வயிற்றெரிச்சலும் அதில் இருந்தது. அசனா நிறைமாதமாக இருந்தபோது ஒரு நாள் சட்டையைத் தூக்கி அவள் மடியில் எறிந்தாள்.

"உனக்கு எதுக்கு அந்த மேசை? நாலு வருசமா ஒரு துளை ஒழுங்காக் கட்டத் தெரியல்ல."

அசனா சட்டையை மடித்து மறுபடி அக்காவின் பக்கத்தில் வைத்தாள். "எனக்கு ஏலாது ராத்தா. நீங்களே செய்ங்க."

நாலாம் நாள் அவளுக்கு வலி கண்டது. பெண் குழந்தை பிறந்தது. இரத்தம் நிற்கவில்லை. மத்தியான லுஹர் தொழுகைக்கு முன் அசனா மௌத்தாகிவிட்டாள். அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயது.

நாற்பதாம் நாள் கழிந்ததும் பரீதா மூத்தவளைக் கூப்பிட்டுப் பேசினார். பிள்ளைக்குத் தாய் வேண்டும், சரீபும் தனி மனிதன், வெளியிலிருந்து ஒருத்தி வந்தால் இந்த வீடு என்ன ஆகும் என்றார். இது எங்கள் ஊரில் நடக்கிற காரியம்தான். ஸல்ஹாவுக்கு அழுகையாக வந்தது. அந்த அழுகைக்குள்ளேயே, இனி மேசைக்குப் போகலாம் என்றும் ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததற்காக அவள் தன்னையே வெறுத்தாள். இருந்தாலும் சம்மதித்தாள்.

சரீபோடு நிக்காஹ் முடிந்த மூன்றாம் நாள், அதுவரை தான் கால் வைக்காத அந்த அறையில் அலுமாரியைத் திறந்தாள். பிள்ளைக்கு மாற்ற ஒரு துணி தேடினாள். கீழ்த்தட்டில் பழைய சாரத் துணி ஒன்றில் சுற்றி ஆறு சின்னச் சட்டைகள் இருந்தன. பிறக்காத பிள்ளைக்குத் துணி தைக்கக் கூடாது என்பதால் அசனா அவற்றை யாருக்கும் காட்டாமல் ஒளித்து வைத்திருக்கிறாள். ஸல்ஹா ஒன்றை எடுத்து விரித்தாள். பொத்தான் துளைகள் சோற்றுப் பருக்கை அளவுக்குத்தான் இருந்தன. ஒவ்வொன்றையும் சுற்றி நூல் இம்மி பிசகாமல் நெருக்கமாகக் கட்டப்பட்டிருந்தது. நகத்தால் நெம்பிப் பார்த்தாள். ஒரு இழைகூட அசையவில்லை. ஆறு சட்டையிலும் அப்படித்தான்.

அவள் அந்தச் சட்டையோடு முன்மண்டபத்துக்கு வந்தபோது இக்னேசியஸ் புதுக் கட்டோடு அரைக்கதவில் நின்றிருந்தார். அவள் சட்டையை நீட்டி, இது யார் கை என்று கேட்டாள். வயதான மனிதர் கண்ணாடியை ஏற்றிவிட்டு விரலால் தடவிப் பார்த்தார்.

"இதென்ன கேள்வி பிள்ளை? உங்கட கைதான்."

"இல்ல. அசனாட கை."

அதில் என்ன ஆச்சரியம் என்று அவருக்குப் புரியவில்லை. இவ்வளவு நாளும் தனக்கு வந்த வேலை அசனாவுடையது என்றுதானே அவர் நினைத்திருந்தார். ஸல்ஹா குசினியில் நடந்ததை முதல்முறையாக அவருக்குச் சொன்னாள். மத்தியானத்தில் வந்த சட்டைகள், பிரித்தது, மறுபடி கட்டியது, எல்லாம் சொன்னாள். அவர் சின்னச் சட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்படிக் கட்டத் தெரிஞ்ச பிள்ளை அதையெல்லாம் ஏன் கெடுத்துக் கொண்டு வந்தது?"

ஸல்ஹா மேசையில் உட்காரவில்லை. அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ட கைக்கு வேலை இல்லாமப் போயிடக் கூடாதெண்டு," என்றாள். பிறகு அவர் கையிலிருந்து சின்னச் சட்டையை வாங்கிக்கொண்டாள். "நாலு வருசமா நான் அவளை ஏசினனான்."