தலையைத் தொடலாங்களா?

போன திங்கட்கிழமை தருமபுரி பஸ் ஸ்டாண்டில் ஒரு வாசகர் என்னைப் பிடித்துக்கொண்டார். பேங்க்கில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவராம்.

"என்னா சார், கோல்ஃப் கத்துக்கறேன்னு எழுதனீங்க. அப்பறம் சத்தத்தையே காணோம். ஸ்விங் எந்த அளவுல இருக்குது?"

"நிறுத்திட்டேங்க. முதுகு வலி" என்றேன்.

பாவம், ரொம்ப வருத்தப்பட்டார். ஏதோ ஒரு தைலத்தின் பெயர் சொன்னார். சேலத்தில் ஒரு வைத்தியர் இருக்கிறார், போய்ப் பாருங்கள் என்றார். தலையாட்டிவிட்டு அரூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.

என் முதுகு நன்றாகத்தான் இருக்கிறது. வாரம் தவறாமல் படிக்கிற மனிதரிடம் முகத்துக்கு நேராகப் பொய் சொல்லியிருக்கிறேன். அரூர் போய்ச் சேரும்வரை அது உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் இந்த வாரம் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் கொஞ்சம் சிரிப்பு வரும். முடிவில் வராது.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு சுருக்கம். என் மாப்பிள்ளை பெங்களூரில் இருக்கிறார். கம்பெனி ஆட்களோடு கோல்ஃப் ஆடுவார். ஒருநாள் என்னையும் டிரைவிங் ரேஞ்சுக்கு — வரிசையாக நின்று தூரமாகப் பந்தடித்துப் பழகுகிற இடம் — கூட்டிக்கொண்டு போனார். கையில் ஒரு மட்டையைக் கொடுத்தார். பந்து ஓடவில்லை, துள்ளவில்லை. தரையில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதை அடிக்க என்ன கஷ்டம்?

ஏழு தடவை வீசினேன். ஏழு தடவையும் காற்றைத்தான் அடித்தேன். எட்டாவது தடவை ஒரு பிடி புல் பெயர்ந்து வந்தது. மாப்பிள்ளை சிரிக்கவில்லை. "பரவால்ல மாமா" என்றார். அதைத்தான் தாங்க முடியவில்லை. அவர் விழுந்து விழுந்து சிரித்திருந்தால் நான் அன்றைக்கே இந்த விளையாட்டை மறந்திருப்பேன்.

அங்கே இருந்த கோச் ஒருவர் சொன்னார். "உங்க தருமபுரிப் பக்கத்து ஆளே ஒருத்தர் இருக்கார் சார், மாதேஷ்னு. இருபது வருஷத்துக்கு மேல இங்க இருந்தார். இப்ப ஊருக்கே போயிட்டார். அவரைப் புடிங்க."

விசாரித்தால்... கம்பைநல்லூர் பக்கம், என் சொந்த ஊரே! ஊர் என்றால், ஊருக்கு வெளியே இருக்கிற காலனி. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இந்த 'என்றால்' புரியும்.

மாதேஷுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். பதினேழு வயதில் பெங்களூர் போய், கேடியாகச் சேர்ந்தவர். ஆடுகிறவர்களின் மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே நடக்கிற வேலை. நடந்து நடந்தே ஆட்டத்தைப் படித்து, கடைசியில் அவர்களுக்கே சொல்லிக்கொடுக்கிற கோச் ஆகிவிட்டார். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனது. ஒரே பிள்ளை. வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார்.

வகுப்பு நடந்த இடம், வற்றிக் கிடந்த எங்கள் ஊர் ஏரி. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. ஓசூரிலிருந்து இரண்டு ஐ.டி. ஆசாமிகள், தருமபுரியிலிருந்து ஒரு பல் டாக்டர், அப்புறம் நான். மொத்தம் நாலு மாணவர்கள்.

முதல் நாள் மட்டையைக் கொடுக்கவே இல்லை.

"கையக் காட்டுங்க சார்" என்றார். காட்டினேன். திருப்பச் சொன்னார். திருப்பினேன்.

"விவசாயக் குடும்பம்னு சொன்னீங்க?"

"ஆமாங்க. பரம்பரையா."

"மம்பட்டி புடிச்ச கை இல்லீங்களே இது."

கிண்டல் இல்லை. எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டாக்டர் சொல்கிற மாதிரிதான் சொன்னார். "நல்லதுங்க. பழைய பழக்கத்த மறக்கடிக்கற வேல எனக்கு மிச்சம்."

எங்கள் நிலத்தில் மண்வெட்டி பிடித்தவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மாதேஷைப் போல ஒரு வாத்தியாரை நான் பள்ளிக்கூடத்தில் பார்த்ததில்லை. "அடிக்காதீங்க சார், வீசுங்க. பந்து தானா வழியில நிக்கும்" என்பார். மட்டையை இறுக்கிப் பிடித்தால், "கோழிக்குஞ்சுன்னு நெனைச்சுக்கங்க. சாவவும் கூடாது, ஓடவும் கூடாது" என்பார். நான் அவசரப்பட்டால் பெங்களூர்க் கன்னடம் வந்துவிடும். "நிதானா சார்... நிதானா."

எனக்கிருந்த பெரிய வியாதி, தலையைத் தூக்குவது. மட்டை பந்தில் படுவதற்கு முன்பே, பந்து எங்கே போகிறது என்று நிமிர்ந்து பார்த்துவிடுவேன். தலை தூக்கினால் தோள் தூக்கும், தோள் தூக்கினால் மட்டை தூக்கும். மறுபடியும் காற்றுதான். "வேலை முடியறதுக்குள்ள பலன் பாக்கறீங்க சார்" என்றார். சொல்லிச் சொல்லிப் பார்த்தார். திருந்தவில்லை.

நாலாவது வாரம், எனக்கு எதிரே வந்து நின்றார். ஏரிக்கரைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். அப்புறம் கேட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க சார். தலையத் தொடலாங்களா?"

கோல்ஃபில் இது சர்வசாதாரணம். கோச் எதிரே நின்று, கையை நீட்டி, ஆடுகிறவரின் தலை மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். அந்தக் கைக்குக் கீழேயே தலையை வைத்துக்கொண்டு வீச வேண்டும்.

"பெங்களூர்லயும் கேட்டுட்டுத்தான் தொடுவீங்களா?" என்றேன்.

"அங்க எதுக்குங்க கேக்கணும்? ஜட்ஜுங்க தலை, போலீஸ் ஆபீசருங்க தலை எல்லாம் புடிச்சிருக்கேன். இங்க..." என்று நிறுத்திக்கொண்டார்.

"தாராளமா தொடுங்க!" என்றேன். சொன்னபோது எனக்குள் ஒரு பெருமை வேறு. பார், நான் எவ்வளவு பெரிய மனசுக்காரன் என்று! இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

கை தலையில் உட்கார்ந்தது. வீசினேன். 'டக்' என்று ஒரு சத்தம். கையில் அதிர்வே இல்லை. பந்து நேராகக் கிளம்பி, ஏரியின் நடுவில் இருந்த கருவேல மரத்தைத் தாண்டி விழுந்தது. பல் டாக்டர் கை தட்டினார்.

அதே நேரம் கரை மேல் ஒரு பைக் மெதுவாக நின்றது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனது. மாதேஷ் சட்டென்று கையை எடுத்துவிட்டார்.

"யாருங்க அது?"

"எங்க அண்ணன்தான். பெரியப்பா பையன். அவர் ஒண்ணும் நெனைக்க மாட்டார்" என்றேன். அப்படித்தான் நம்பினேனா? தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து மாதேஷ் ஒரு விஷயம் சொன்னார். மழை ஆரம்பித்தால் ஏரியில் தண்ணீர் வந்துவிடும். வகுப்பு நின்றுபோகும். ஏரியை ஒட்டி ஒரு தரிசு நிலம், நாலு ஏக்கர், பல வருஷமாக முள் மண்டிக் கிடக்கிறது. குத்தகைக்குக் கிடைத்தால் சுத்தம் செய்து ஒரு ரேஞ்ச் போட்டுவிடலாம். ஓசூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் இன்னும் ஏழெட்டுப் பேர் வரத் தயார். "அது நடந்தா ஆத்தாவ உட்டுட்டு நான் எங்கயும் போவ வேண்டியதில்லீங்க. இல்லன்னா மறுபடியும் பெங்களூர்தான்."

நிலம் அண்ணனுடையது. "கவலைய விடுங்க. நான் பேசறேன்" என்றேன். என் வாய்க்கு ஒரு குறைச்சலும் கிடையாது.

ஒரு புதன்கிழமை போனோம். மாதேஷ் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், கையில் ஒரு ஃபைலோடு வந்தார். அதில் பெங்களூர் சர்ட்டிஃபிகேட்டுகள், நிலத்தை எப்படிச் சீர் செய்வது என்று ஸ்கேல் வைத்து அவரே வரைந்த ஒரு படம்.

அண்ணன் வாசலில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் அண்ணன். ஒன்றில் நான். மாதேஷ் கேட் பக்கத்தில் நின்றார். மூன்றாவது நாற்காலி காலியாகவே கிடந்தது. 'உட்காருங்க மாதேஷ்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொல்லவில்லை.

அதைவிட மோசம் ஒன்று நடந்தது. ஃபைலை வாங்குவதற்காகத் திரும்பினேன். என் வாயிலிருந்து வந்தது இதுதான்.

"மாதேசு, அத இப்படிக் குடு."

'குடுங்க' இல்லை. 'குடு.' ஆறு வாரமாக அவரை வாங்க, போங்க என்று பேசிய அதே வாய். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, யாரும் மிரட்டவில்லை. அந்த வாசலுக்குள் போனதும் நாக்கு தானாக மாறிக்கொண்டது. அவர் ஃபைலை நீட்டினார்.

அண்ணன் ஃபைலைத் தொடவில்லை.

"ஏம்ப்பா, அன்னிக்கு ஏரிக்குள்ள பாத்தேன். நீ குனிஞ்சு நிக்கற. அவன் உன் தலையப் புடிச்சு அமுக்கறான். என்னா கூத்து அது?"

"அது ட்ரெய்னிங்ண்ணா. தல ஆடாம இருக்கறதுக்கு..."

"என்னா ட்ரெய்னிங்கு? ஊர்ல நாலு பேரு என்னக் கேக்கறாங்க. நம்ம வூட்டு ஆம்பள தலையில அவன் கை வெக்கறான். இப்ப நெலத்தையும் குடுன்னு கூட்டிக்கிட்டு வந்து நிக்கறயா?"

நிலம் அவருடையது. கொடுக்க மாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ஆனால் நான் ஒன்று சொல்லியிருக்க வேண்டும். 'அண்ணா, அவன் இவன் என்று பேசாதே. அவர் என் வாத்தியார். என் தலை, நான்தான் தொடச் சொன்னேன்.' எவ்வளவு சுலபமான வாக்கியங்கள்! காரில் திரும்பி வரும்போது வரிசையாக வந்தன. வாராவாரம் எழுதிப் பிழைக்கிறவனுக்கு அந்த வாசலில் வந்தது இவ்வளவுதான்.

"இல்லண்ணா... சும்மா கேட்டுப் பாக்கலாம்னுதான்."

சும்மா! படுத்த படுக்கையாகக் கிடக்கிற தாயின் பக்கத்திலேயே இருந்து பிழைக்க ஒரு மனிதர் கண்டுபிடித்த ஒரே வழி. அது எனக்குச் 'சும்மா' ஆகிவிட்டது. கேட்டுக்கும் நாற்காலிக்கும் பத்தடிகூட இருக்காது. எல்லாம் அவர் காதில் விழுந்தது.

தெருமுனையில் தன் பைக்கை ஸ்டார்ட் செய்யும்போது, "நீங்க வந்ததே பெருசுங்க சார்" என்றார். எனக்குச் செத்துப்போய்விடலாம் போலிருந்தது.

அடுத்த ஞாயிறு அவர் வர மாட்டார் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். வந்திருந்தார். எப்போதும்போலப் பந்துகளை அடுக்கி வைத்தார். நான் தலையைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் தள்ளியே நின்றார்.

"வேணாங்க சார். வேற வழி இருக்குது" என்றார். சூரியனுக்கு முதுகு காட்டி என்னை நிற்க வைத்தார். என் நிழலின் தலை விழுந்த இடத்தில் ஒரு கல்லை வைத்தார். "நெழல் அந்தக் கல்ல உட்டு நகராம வீசுங்க. போதும்."

தொடாமலே சொல்லிக்கொடுக்க ஒரு வழி! அன்றைக்கு அடித்த பந்துகளில் முக்கால்வாசி நேராகப் போயின. "வந்துடுச்சு, இல்லீங்களா?" என்றேன் அசடு மாதிரி.

"ப்ராக்டிஸ்ல எல்லாருக்கும் வரும் சார். நாலு பேரு பாக்கறப்ப எந்த ஸ்விங் வருதோ, அதுதான் நம்ம ஸ்விங். பதறனா ஒடம்பு பழசுக்கே போயிடும். அந்தப் பழசு போவறதுக்கு வருஷக்கணக்காவும்."

கோல்ஃபைத்தான் சொன்னார்.

அதற்கடுத்த ஞாயிறு ஏரியில் ஜே.சி.பி. நின்றது. வயலுக்கு வண்டல் எடுக்கிறார்களாம். எடுக்கட்டும், அதில் தப்பில்லை. ஆனால் அவ்வளவு பெரிய ஏரியில், நாங்கள் பந்தடிக்கிற இடத்தில்தான் நல்ல வண்டல் இருந்ததாம். ஆள் உயரத்துக்குப் பள்ளம். மண் எங்கே போகிறது என்று டிரைவரைக் கேட்டேன். அண்ணனுடைய தரிசுக்கு.

அண்ணனிடம் நான் கேட்டேனா? இல்லை. போன மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பாயசம் பிரமாதம் என்று அவர் சொன்னார். ஆமாம் என்றேன்.

மாதேஷ் பெங்களூருக்குப் போய்விட்டார், அம்மாவையும் தூக்கிக்கொண்டு. மூன்றாவது மாடியில் ஒற்றை ரூம். லிஃப்ட் கிடையாது. விடிவதற்குள் அவர் ரேஞ்சுக்குப் போய்விட வேண்டும். பக்கத்து ரூம் பெண்மணி மதியம் ஒருவாய் ஊட்டிவிடுகிறார். "ஊர்லன்னா வாசல்ல கட்டில் போட்டா போறவங்க வரவங்க நாலு வார்த்த பேசுவாங்க. இங்க கதவையே பாத்துக்கிட்டு கெடக்குதுங்க" என்றார் போனில். அதே போனில், "ஸ்விங்க வீடியோ எடுத்து அனுப்புங்க சார், பாத்துச் சொல்றேன்" என்றும் சொன்னார். நான் அனுப்பவில்லை. எனக்கு மட்டையைத் தொடவே வெட்கமாக இருக்கிறது. அந்த பேங்க்காரரிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்.

எழுதலாமா என்று போன வாரம் மாதேஷிடமே கேட்டேன்.

"எழுதுங்க சார். என் பேரு மட்டும் வேணாங்க. எங்க வூடு இன்னும் அங்கதானுங்க இருக்குது."

அதனால், மாதேஷ் என்பது அவருடைய நிஜப் பெயர் இல்லை.

அண்ணன் பெயரையும் நான் எங்கேயும் எழுதவில்லை — எழுத வேண்டாம் என்று அவர் என்னிடம் சொல்லவே இல்லை.